மடிக்கணினியின் வன்தட்டு பழுதுபட்டால்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், பிள்ளைகளின் படிப்புக்காக நம் வீடுகளில் வாங்கி வைத்திருக்கும் மடிக்கணினியைப் பற்றியது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், அந்தக் கணினிக்குள் இருந்துகொண்டு நாம் கொடுத்தவற்றையெல்லாம் காத்து வைத்திருக்கும் வன்தட்டைப் பற்றியது. கடைக்காரர்கள் இதை ஹார்ட் டிஸ்க் என்று சொல்வார்கள்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் வீட்டுக்கு வந்தன. அதுவரை கணினியைத் தொட்டுப் பாராத பல தோட்டத்து வீடுகளில், கடன் பட்டாவது ஒரு மடிக்கணினி வாங்கினார்கள். புதிது வாங்க வசதியில்லாதவர்கள் பிறர் பயன்படுத்திய கணினியை வாங்கினார்கள். அந்தக் கணினிகளுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. ஆகவே, ஒரு நாள் அது நின்றுபோனால் என்ன செய்வது என்பதை இன்றே தெரிந்துகொள்வது நல்லது.

கணினி பழுதானால் வேறு கணினி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் இருந்தவை? பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் ஆறு மாதம் உழைத்து எழுதிய இறுதி ஆண்டுத் திட்டக் கட்டுரை, ஆலய நிர்வாகத்தின் வரவு செலவுக் கணக்கு, காலமாகிவிட்ட பாட்டியின் படங்கள், இவற்றை எந்தக் கடையிலும் விலை கொடுத்து வாங்க முடியாது. கணினியின் விலை வேறு, உள்ளே இருப்பவற்றின் மதிப்பு வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தானே விளங்கும்.

முதலில் இந்த வன்தட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். உலகின் முதல் வன்தட்டுக் கருவியை ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. ஓர் அலமாரியைவிடப் பெரிதாக இருந்த அந்தக் கருவியில் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளைச் சேமிக்க முடிந்தது. இன்று நம் உள்ளங்கையில் அடங்கும் 500 கிகாபைட் வன்தட்டு ஒன்று, அதைப்போல் ஓர் இலட்சம் மடங்கு செய்திகளைத் தாங்குகிறது.

அந்தச் சிறிய பெட்டிக்குள் கண்ணாடிபோல் மின்னும் வட்டத் தட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். அதன்மேல் காந்தப் பூச்சு பூசப்பட்டிருக்கிறது. மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது ஒரு விநாடிக்கு 90 சுற்று சுழல்கிறது. அதன்மேல் ஒரு மெல்லிய கை நீண்டு, அதன் நுனியில் உள்ள தலை எழுத்துகளைப் பதிக்கவும் படிக்கவும் செய்கிறது. இந்தத் தலை தட்டைத் தொடுவதில்லை. நம் தலைமுடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டு, காற்றின் மேல் மிதந்துகொண்டே போகிறது.

பால்மரம் சீவியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பட்டையை மட்டும் சீவினால் பால் வரும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டுவிட்டால், அந்த இடத்தில் முடிச்சு விழும். பட்டை மீண்டும் ஒழுங்காக வளராது. வன்தட்டிலும் அப்படித்தான். மிதக்க வேண்டிய தலை தட்டில் விழுந்து உரசினால், உரசிய இடத்தில் இருந்த எழுத்துகள் பொடியாகப் போய்விடும். மரத்தின் காயமாவது ஆண்டுகள் கழித்து ஓரளவு ஆறும். தட்டில் பட்ட காயம் ஆறுவதே இல்லை. அது மட்டுமா? உரசியதால் கிளம்பிய தூசி மற்ற இடங்களையும் கெடுக்கும். ஆகவே காயம்பட்ட தட்டை மேலும் மேலும் ஓடவிடுவது, கெட்ட பட்டையிலேயே திரும்பத் திரும்பக் கத்தி வைப்பதற்குச் சமம்.

இனி, வன்தட்டு கெடப்போகிறது என்பதற்கான அறிகுறிகளைச் சொல்கிறேன். கணினி வழக்கத்துக்கு மாறாக மிகவும் மெதுவாகிவிடும். ஒரு கோப்பைத் திறந்தால் நெடுநேரம் திறக்காது. திறந்தாலும் உள்ளே இருப்பது சிதைந்து கிடக்கும். நேற்று இருந்த கோப்பு இன்று காணாமல் போகும். திரை நீலமாக மாறி, கணினி தானே நின்று மீண்டும் தொடங்கும். ‘தொடங்குவதற்கான சாதனம் இல்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வரும். எல்லாவற்றிலும் அபாயமான அறிகுறி ஒலி. ‘டிக், டிக்’ என்று சீராகத் தட்டுவதுபோலவோ, கரகரவென்று தேய்ப்பதுபோலவோ சத்தம் கேட்டால், உள்ளே தலை பழுதாகியிருக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்படிச் சத்தம் கேட்டால் செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்றே ஒன்றுதான். கணினியை உடனே நிறுத்திவிடுங்கள். முறைப்படி நிற்கவில்லையென்றால், மின்விசையை அழுத்திப் பிடித்தாவது நிறுத்துங்கள். ‘இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்ற ஆசைதான் பல வீடுகளில் மிச்சமிருந்ததையும் அழித்திருக்கிறது.

சத்தம் இல்லை, வெறுமனே மெதுவாகத்தான் இருக்கிறது, கோப்புகள் இன்னும் திறக்கின்றன என்றால் நிலைமை வேறு. அப்போது மிகமிக முக்கியமான கோப்புகளை முதலில் ஒரு யு.எஸ்.பி. பேனாவட்டில் நகல் எடுங்கள். முதலில் மகளின் கட்டுரை, அடுத்து கணக்கு, அடுத்து குடும்பப் படங்கள். திரைப்படங்களும் பாட்டுகளும் கடைசியில் வரட்டும். அவை போனாலும் வேறிடத்தில் கிடைக்கும்.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். கணினி வேலை செய்யவில்லை என்றால் வன்தட்டுதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. திரை உடைந்திருக்கலாம். மின்கலம் செத்திருக்கலாம். விண்டோஸ் என்ற இயங்குதளம் மட்டும் குழம்பியிருக்கலாம். மேலே தண்ணீரோ தேநீரோ கொட்டி மற்றப் பாகங்கள் கெட்டிருக்கலாம். இப்படிப்பட்ட வேளைகளில் வன்தட்டு பத்திரமாகவே இருக்கக்கூடும். அதைக் கழற்றி, அதற்கென்று விற்கும் யு.எஸ்.பி. இணைப்புக் கம்பியில் மாட்டி, வேறொரு கணினியில் படித்துவிடலாம். ஆனால் சில மெல்லிய கணினிகளில் சேமிப்புப் பகுதி தாய்ப்பலகையோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். அதைத் தனியே கழற்ற முடியாது. கணினி வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

செய்யக்கூடாதவை சில உண்டு. அவற்றைக் கவனமாகக் கேளுங்கள்.

குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். குளிர்ந்த தட்டை வெளியே எடுத்ததும் நம் நாட்டு ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படியும். நாற்காலியில் தட்டுவது, குலுக்குவது, இவையும் வேண்டாம். பெட்டியின் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்க்கவே பார்க்காதீர்கள். வன்தட்டைப் பிரிப்பவர்கள் தூசியே இல்லாத தனி அறையில் வைத்துத்தான் பிரிப்பார்கள். நம் வீட்டுக் கூடத்தில் மிதக்கும் ஒரு தூசி, அந்தத் தலைக்கு முன்னால் ஒரு பாறாங்கல்.

அடுத்தது, கழற்றிய தட்டை வேறு கணினியில் மாட்டும்போது, ‘இதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று திரையில் கேட்கும். கணினி நமக்கு உதவத்தான் கேட்கிறது என்று எண்ணி, ஆம் என்று அழுத்திவிடாதீர்கள். ஃபார்மட் என்றால் என்ன? தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் செக்ரோல் புத்தகத்தை வைத்துத்தான் யார் எந்த நிரையில் வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அந்தப் புத்தகம் கிழிந்துபோனால் ஆட்கள் காணாமல் போய்விடுவதில்லை. அவர்கள் நிரையில்தான் நிற்கிறார்கள். யார் எங்கே என்று சொல்லத்தான் ஆளில்லை. வன்தட்டிலும் கோப்புகளின் பெயரையும் இடத்தையும் எழுதி வைத்த ஒரு பதிவேடு உண்டு. அது சிதைந்தால் தட்டு வெறுமையாகத் தெரியும். கோப்புகள் உள்ளேதான் இருக்கும். விரைவாகச் செய்யும் ஃபார்மட் பழைய பதிவேட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு வெற்றுப் பதிவேடு ஒன்றை வைக்கிறது. முழுமையாகச் செய்யும் ஃபார்மட், நிரையில் நிற்பவர்களையே துடைத்துவிடுகிறது. இரண்டும் நமக்கு வேண்டாம்.

இதே காரணத்தினால், கோப்புகளை மீட்கும் மென்பொருளை அந்தப் பழுதான தட்டிலேயே நிறுவக் கூடாது. புதிதாக எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தும் பழைய கோப்பு இருந்த இடத்தின் மேல் விழலாம். தட்டைச் சரிபார்க்கும் கட்டளைகளையும், நகல் எடுத்து முடிக்கும் வரை ஓட்டக் கூடாது. நலிந்துபோன நோயாளியை மலையேறச் சொல்லிச் சோதிப்பதுபோன்றது அது.

உங்கள் தோட்டத்தில் கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் இருந்தால், அவருக்கு ஒரு வழி சொல்கிறேன். உபுண்டு போன்ற இலவச இயங்குதளத்தை ஒரு பேனாவட்டில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். அப்போது விண்டோஸ் ஓடாமலேயே தட்டைப் படிக்க முடியும். தட்டில் பழுதான இடங்கள் இருந்தால், டிடி-ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் உதவும். அது முதலில் நல்ல இடங்களையெல்லாம் விரைவாக நகல் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் மட்டும் முயன்று பார்க்கும். இப்படி முழுத் தட்டையும் வேறொரு நல்ல தட்டுக்கு மாற்றிக்கொண்டு, பிறகு அந்த நகலில் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருள்களை ஓட்டலாம். தவறு நேர்ந்தாலும் மூலம் அப்படியே இருக்கும். ஆனால் ‘டிக், டிக்’ சத்தம் வரும் தட்டில் இந்த முயற்சியும் கூடாது.

கடைக்குக் கொண்டுபோவதென்றால், கணினியை மேசையில் வைக்கும்போதே சொல்ல வேண்டிய முதல் சொல் இது: ‘உள்ளே இருக்கும் கோப்புகள் எங்களுக்கு வேண்டும், ஃபார்மட் செய்யாதீர்கள்.’ இதை வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஒரு தாளில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டுங்கள். ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். கணினியை ஓடவைப்பதுதான் கடைக்காரரின் வேலை. நாம் சொல்லாவிட்டால் அவர் பழைய தட்டைத் துடைத்து, விண்டோஸை மீண்டும் ஏற்றி, ‘சரியாகிவிட்டது’ என்று புன்னகையோடு கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

புதிய தட்டு மாற்றினால் பழைய தட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் அடையாள அட்டையின் நகலும், வங்கி விவரமும் இருக்கலாம். உத்தரவாதக் காலத்துக்குள் கெட்டது என்றால் நிறுவனம் புதிய தட்டு தரும். ஆனால் பொதுவாகப் பழைய தட்டை எடுத்துக்கொள்ளும், உள்ளே இருந்தவற்றுக்குப் பொறுப்பேற்காது. எது முக்கியம் என்று முடிவு செய்த பிறகே உத்தரவாதத்தைக் கேளுங்கள்.

இன்றைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் தட்டு முழுவதும் பூட்டப்பட்டிருக்கும். இதற்கு பிட்லாக்கர் என்று பெயர். தட்டை வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். பெரும்பாலும் அந்த எண், கணினியைத் தொடங்கியபோது பதிந்துகொண்ட மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அதை ஒரு தாளில் எழுதிப் பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் கோப்புறையில் வைத்துவிடுங்கள். அந்த எண் இல்லையென்றால் எப்படிப்பட்ட வல்லுநராலும் திறக்க முடியாது.

தலை பழுதான தட்டுகளைத் தூசியற்ற அறையில் வைத்துப் பிரித்து மீட்கும் நிலையங்கள் கோலாலம்பூர் போன்ற பெரிய நகரங்களில் உண்டு. செலவு அதிகம், சில ஆயிரம் வெள்ளி வரைகூடப் போகலாம். ஆகவே முதலில் சோதித்து விலை சொல்லச் சொல்லுங்கள். மீட்க முடியாவிட்டால் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பிறகு குடும்பமாக உட்கார்ந்து, நாம் தேடும் பொருள் அந்தச் செலவுக்கு ஈடா என்று யோசியுங்கள்.

அதற்கும் முன்னால், காசில்லாத வழி ஒன்று உண்டு. தேடும் கோப்பு வேறெங்காவது இருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள். மகள் தன் கட்டுரையை விரிவுரையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருப்பாள். தோழிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பகுதியை அனுப்பியிருப்பாள். அச்செடுக்கும் கடைக்குப் பேனாவட்டில் கொண்டுபோயிருப்பாள். திருமணப் படங்கள் படப்பிடிப்பாளரிடம் இருக்கலாம். உறவினரின் கைப்பேசியில் இருக்கலாம். ஒரு தாளை எடுத்து இந்த இடங்களையெல்லாம் எழுதிப் பாருங்கள். மூன்று வாரங்களுக்கு முந்திய நகல் ஒன்று கிடைத்தால், ஆறு மாத உழைப்பு மூன்று வார இழப்பாகச் சுருங்கிவிடும்.

அரசாங்கப் பத்திரங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிறப்புப் பத்திரத்தின் பதிவைத் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பித்து மீண்டும் பெறலாம். எஸ்.பி.எம். தேர்வு முடிவுக்குத் தேர்வு வாரியத்திடம் உறுதிப்படுத்திய அறிக்கை பெறலாம். ஊழியர் சேமநிதிக் கணக்கையும் அதன் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். இவை போனால் அலைச்சல் மட்டுமே.

பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பியைப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் சுழலும் தட்டும் இல்லை, மிதக்கும் தலையும் இல்லை. எல்லாம் சில்லுகளில் பதிவாகிறது. பழைய கணினியும் இதைப் போட்டால் சுறுசுறுப்பாக ஓடும். அதிர்ச்சியைத் தாங்கும். விண்டோஸ் முன்பு முறையாகப் பதிவான கணினியாக இருந்தால், தட்டை மாற்றிய பின்பு பெரும்பாலும் அதற்குத் தனியே காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்த உரிமை தாய்ப்பலகையோடு சேர்ந்தது. ஆனால் எஸ்.எஸ்.டி.யும் கெடும். அது சத்தம் போட்டு எச்சரிப்பதில்லை. நேற்று ஓடியது இன்று ஓடாது. அதில் அழித்த கோப்பைத் திரும்ப எடுப்பதும் மிகக் கடினம்.

அப்படியானால் எதை நம்புவது? எந்த ஒரு பெட்டியையும் தனியே நம்பக் கூடாது என்பதே பதில். முக்கியமான கோப்புக்கு மூன்று நகல்கள் இருக்க வேண்டும். ஒன்று கணினியில். ஒன்று, தனியே வாங்கி வைத்த வெளித்தட்டிலோ பேனாவட்டிலோ. மூன்றாவது, வீட்டுக்கு வெளியே. அது பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அத்தை வீட்டு அலமாரியாகவும் இருக்கலாம். இணையக் கிடங்காகவும் இருக்கலாம். கூகல் கணக்கு ஒன்றுக்கு 15 கிகாபைட் இடம் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டுரைகளுக்கும் கணக்குகளுக்கும் அது தாராளம்.

வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை விளக்கேற்றிய பிறகு பத்து நிமிடம் போதும். நகல் எடுத்து முடிந்ததும் வெளித்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். இடி மின்னல் நம் நாட்டில் அடிக்கடி வருவது. மழை இருட்டும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். கணினியோடு வெளித்தட்டையும் சேர்த்தே மாட்டி வைத்திருந்தால், ஒரே இடியில் இரண்டும் போய்விடும். மின்கலம் செத்த மடிக்கணினியை அப்படியே வைத்து ஓட்டாதீர்கள். மின்சாரம் திடீரென்று நின்றால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்துவிடும். தட்டு சுழலும்போது கணினியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளில் செம்மண் பாதையில் கொண்டுபோவதற்கு முன்னால் முழுவதுமாக நிறுத்திவிடுங்கள்; மூடியை மட்டும் மூடிக்கொண்டு போகாதீர்கள். மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைத்தால் காற்று போகும் துளை அடைபட்டுச் சூடேறும்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். நமக்குக் கணினி தெரியாதே, நாம் என்ன செய்ய முடியும் என்று எண்ணாதீர்கள். கணினி நின்றுபோன நாளில் பிள்ளை முதலில் அஞ்சுவது அப்பாவின் கோபத்துக்குத்தான். அந்த அச்சத்தில்தான் ஒருவருக்கும் சொல்லாமல் மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்க்கிறது. யாரோ சொன்னதைக் கேட்டு ஃபார்மட் செய்துவிடுகிறது. ‘பரவாயில்லை, நிறுத்தி வை, நாளைக்குப் பார்ப்போம்’ என்று நீங்கள் சொல்லும் சொல்லுக்கு, பெரிய வல்லுநரின் கருவிக்கு இருக்கும் மதிப்பு உண்டு. சம்பளம் வாங்கிய மாதம் ஒன்றில் ஒரு வெளித்தட்டு வாங்கிக் கொடுங்கள். ஞாயிறு தோறும், ‘நகல் எடுத்துவிட்டாயா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. இன்று உங்கள் வீட்டுக் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கலாம். அணை போடுவதற்கு ஏற்ற நாள் அதுதான்.